எல்லாவற்றுக்கும் பூஜ்யம் காட்டிய மீட்டர்

மோட்டார் வைண்டிங் கட்டும் அண்ணன் ஒருவர் தம் பழைய முள் மல்டிமீட்டரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “தம்பி, இது பொய் சொல்கிறதா, இல்லை எனக்குத்தான் புத்தி மழுங்கிவிட்டதா, பார்த்துச் சொல்” என்றார். கொஞ்ச நாளாக அவரிடம் வரும் மோட்டார்களில் எதில் வைத்துப் பார்த்தாலும் ஓம் அளவு பூஜ்யமாம். முதல் மோட்டாரை ‘வைண்டிங் ஷார்ட்’ என்று முடிவுகட்டி, கம்பியை வெட்டியெடுத்து, புதிதாகக் கட்டியும் கொடுத்துவிட்டார். வெட்டிய கம்பியில் ஓரிடத்திலும் கருகல் இல்லை, வார்னிஷ் எரிந்த வாடையும் இல்லை. அப்போதே உறுத்தியிருக்கிறது. அடுத்து வந்தது மூன்று ஃபேஸ் பம்பு மோட்டார். மூன்று வைண்டிங்கும் பூஜ்யம். “ஒன்று போகும், இரண்டு போகும். மூன்றும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் போகுமா?”

நியாயமான கேள்வி. மீட்டரை எடுத்தேன். ×1 நிலையில் (முள் காட்டும் எண்ணே ஓம், ×10 என்றால் அதைப் பத்தாலும் ×1கே என்றால் ஆயிரத்தாலும் பெருக்கவேண்டும்) வைத்து, ஒயர்களின் நுனியிலுள்ள இரண்டு பிரோப்பையும் ஒன்றோடொன்று தொட்டேன். முள் துள்ளிக்கொண்டு வலது கோடிக்குப் போய்ப் பூஜ்யத்தில் நின்றது. பிரித்தேன், இடது கோடிக்குத் திரும்பியது. ×10, ×1கே நிலைகளிலும் அப்படியே. பூஜ்யத்தைச் சரிசெய்யும் குமிழும் ஒழுங்காக வேலை செய்தது. முள் மீட்டரைச் சோதிக்க எல்லாரும் செய்வது இவ்வளவுதான். இதோடு நிறுத்தியிருந்தால், “மீட்டர் நன்றாக இருக்கிறது அண்ணா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. ×1கே நிலையில் சரிசெய்த பூஜ்யம், ×1க்கு மாற்றியபோது மயிரிழைகூட நகரவில்லை. முள் மீட்டரோடு பழகியவர்களுக்குத் தெரியும், நிலையை மாற்றும் ஒவ்வொரு முறையும் குமிழைத் திருகவேண்டும். அதிலும் ×1க்கு வரும்போது முள் கண்டிப்பாகக் கொஞ்சம் பின்தங்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. பழைய கருவி ஒன்று திடீரென்று ஒழுக்கமாக நடந்துகொண்டால் சந்தேகப்பட வேண்டும்.

டப்பாவிலிருந்து 20 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து ×1ல் வைத்தேன். பூஜ்யம். 100 ஓம் வைத்தேன். அதுவும் பூஜ்யம். கைக்கு வந்த இன்னொன்றை நிறவளையங்களைச் சரியாகப் பார்க்காமல் வைத்தேன். முள் நடுவுக்குச் சற்று இடதுபுறம், 22ல் நின்றது. அப்பாடா, 22 ஓம் மட்டும் சரியாகக் காட்டுகிறதே என்று நினைத்துக்கொண்டு வளையங்களைப் பார்த்தால் சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு. அது 22 ஓம் அல்ல, 22 கிலோ ஓம். ஆயிரம் மடங்கு. ×1 என்று எழுதியிருக்கும் இடத்தில் மீட்டர் ×1கே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நோய் என்ன என்பது அங்கேயே பாதி விளங்கிவிட்டது.

மீதிப் பாதிக்கு, ஓம் மீட்டர் உள்ளே என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். வோல்ட் அளக்கும்போது வெளியே இருக்கும் மின்சாரம் முள்ளை நகர்த்துகிறது. ரெசிஸ்டரில் மின்சாரம் ஏதும் இல்லை. ஆகவே மீட்டரே தன் பேட்டரியிலிருந்து மின்னோட்டத்தை அனுப்பி, திரும்பி வருவது எவ்வளவு என்று பார்க்கிறது. தொகுப்பு மிக எளியது: ஒரு பேட்டரி, தெரிந்த மதிப்புள்ள உள்தடை, வெளியே நாம் வைக்கும் பொருள், எல்லாம் ஒரே சுற்றில். பிரோப்களைத் தொட்டால் வெளியே தடை இல்லை, மின்னோட்டம் முழுமையாக ஓடும், முள் வலது கோடிக்குப் போகும். அதனால்தான் ஓம் அளவுகோலில் பூஜ்யம் வலப்பக்கம் இருக்கிறது. வெளியே இருக்கும் தடை உள்தடைக்குச் சமமாக இருந்தால் மின்னோட்டம் பாதியாகும், முள் நடுவில் நிற்கும். ஆக, அளவுகோலின் நட்டநடுவில் எந்த எண் அச்சிட்டிருக்கிறதோ அதுதான் ×1 நிலையில் மீட்டரின் மொத்த உள்தடை. இந்த மீட்டரில் அது 20. திறக்காமலே உள்ளே எத்தனை ஓம் இருக்கவேண்டும் என்று முகப்பே சொல்லிவிடுகிறது.

கணக்கும் ஒரு வரிதான்: உள்தடையை, உள்தடையும் வெளித்தடையும் சேர்ந்த தொகையால் வகுக்கவேண்டும். வெளியே 10 ஓம் வைத்தால் 20ஐ 30ஆல் வகுக்க, முள் மூன்றில் இரண்டு பங்கு தூரம் போகும். 100 ஓம் வைத்தால் ஆறில் ஒரு பங்குதான். எவ்வளவு பெரிய தடை வைத்தாலும் இடது கோடியை முள் முழுதாகத் தொடாது, நெருங்கிக்கொண்டே இருக்கும். முடிவிலிக் குறிக்குப் பக்கத்தில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த மீட்டரில் 1.5 வோல்ட் செல் இரண்டு, ஆக 3 வோல்ட். உள்தடை 20 ஓம் என்றால் பிரோப்களைத் தொடும்போது 150 மில்லி ஆம்பியர் ஓடும். முள்ளை நகர்த்தும் சுருளுக்கு இவ்வளவு தேவையில்லை, அதற்கு 50 மைக்ரோ ஆம்பியரே போதும். அதனால் முள்ளும் அதன் துணைத்தடைகளும் சேர்ந்த கிளை 20 கிலோ ஓம் அளவில் தனியாக இருக்கிறது. ×1கே நிலையில் அந்தக் கிளை மட்டும் சுற்றில் இருக்கும், நடுமதிப்பு 20 கிலோ ஓம். ×10க்கு மாற்றினால் ஏறக்குறைய 200 ஓம் ரெசிஸ்டர் ஒன்று அந்தக் கிளைக்குப் பக்க இணைப்பாக வந்து சேரும். ×1க்கு மாற்றினால் அதற்குப் பதிலாக 20க்குச் சற்றுக் குறைந்த ஒன்று வரும்.

அந்தக் கடைசி ரெசிஸ்டர் எரிந்து அறுந்துபோனால் என்ன ஆகும்? மீட்டர் செத்துப்போகாது. ×1 நிலையில் வெறும் 20 கிலோ ஓம் கிளை மிஞ்சியிருக்கும். முள் ஓடும், பூஜ்யம் வரும், குமிழ் திருகும். வைண்டிங்கின் இரண்டு ஓம் என்பது 20,000க்குப் பக்கத்தில் தூசு, ஆகவே பூஜ்யம். அண்ணனின் மோட்டார்கள் எல்லாம் ஒரே நாளில் ஷார்ட் ஆன கதை இதுதான்.

பின்மூடியைத் திறந்தேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. பலகையின் ஓரத்தில் ஒரு ரெசிஸ்டர் நடுவில் வெடித்து, கரிக்கட்டையாகக் கிடந்தது. கீழே பலகையில் காசளவுக்குப் பழுப்பு வட்டம். ஃபியூஸைப் பார்த்தேன். 0.5 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ், உள்ளே இழை எப்போதோ போய்விட்டது. அதன் மேல் யாரோ ஒரு புண்ணியவான் ஒயரிலிருந்து உருவிய செம்பு இழைகள் நான்கைந்தைச் சுற்றிவைத்திருந்தார்.

நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. மீட்டரை ×1ல் வைத்துவிட்டு, யாரோ மறந்துபோய் 230 வோல்ட் லைனில் பிரோப்பைக் குத்தியிருக்கிறார். 18 ஓம் சில்லறைக்கு 230 வோல்ட் என்றால் 12 ஆம்பியருக்கு மேல், கிட்டத்தட்ட 2,900 வாட். தாங்கவேண்டியதோ அரை வாட் ரெசிஸ்டர். ஒழுங்கான ஃபியூஸ் இருந்திருந்தால் அது போய், ரெசிஸ்டர் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. செம்பு இழை தான் நின்று ரெசிஸ்டரைப் பலிகொடுத்தது. முள் சுருள் மட்டும் தப்பியது, ஏனென்றால் அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே எதிரெதிராக இரண்டு டயோடுகள் இருக்கின்றன. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் வந்தால் அவை கடத்தி, சுருளைக் காப்பாற்றிவிடும். பெரிய பாகத்தைக் காப்பாற்றிய இரண்டு சின்னப் பாகங்கள் என்று அண்ணனிடம் காட்டினேன். அவர் செம்பு இழையையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் சுற்றியது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இனி மாற்றுப் பாகம். நிறவளையங்கள் எரிந்துவிட்டன, வரைபடம் இல்லை. ஆனால் மொத்தம் 20 ஓம் இருக்கவேண்டும் என்பது தெரியும். மீதி எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துக் கழித்தால் போதும். புதிய 0.5 ஆம்பியர் ஃபியூஸின் தடை 0.5 ஓம். (ஃபியூஸுக்குத் தடை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) பிரோப் ஒயர்கள் இரண்டும் சேர்ந்து 0.2. செல்களின் உள்தடையும் தொடுமுனைகளும் சேர்ந்து 0.7. இதற்குச் செல்களின் மின்னழுத்தத்தை முதலில் சும்மாவும், பிறகு 150 மில்லி ஆம்பியர் இழுக்கும்போதும் அளந்து, இறங்கிய வோல்ட்டை மின்னோட்டத்தால் வகுத்தேன். கூட்டினால் 1.4 ஓம். 20இல் கழித்தால் 18.6.

18.6 ஓம் ரெசிஸ்டர் எங்கும் சுலபத்தில் கிடைக்காது. 20 ஓமுக்குப் பக்க இணைப்பாக 270 ஓம் வைத்தால் 18.62 வரும், 20 கிலோ ஓம் கிளையும் பக்கத்தில் சேரும்போது 18.60. மனத்துக்கு நிறைவான கணக்கு. பிரோப்கள் தொட்டிருக்கும்போது அங்கே 0.4 வாட்டுக்கு மேல் வெப்பம் வரும் என்பதால் 20 ஓமுக்கு 1 வாட் மெட்டல் ஃபிலிம் வகையைப் போட்டேன். கருகிய பலகையைச் சுரண்டி, தகடு பெயர்ந்திருந்த இடத்தில் கம்பியை வளைத்து நேரே அடுத்த முனைக்குக் கொண்டுபோய் ஈயம் வைத்தேன். அழகில்லை. உறுதியாக இருக்கிறது.

செல்களைப் புதிதாகப் போட்டு ×1கே நிலையில் பூஜ்யம் வைத்தேன், ×1க்கு மாற்றினேன். முள் பூஜ்யத்துக்கு முன்பே நின்றது. இப்படி ஒரு குறையைப் பார்த்து மகிழ்ந்தது இதுதான் முதல் தடவை. 1.4 ஓமில் விழும் வோல்ட்டுக்கு ஏற்ப ஏழு விழுக்காடு பின்தங்கியாக வேண்டும், பின்தங்கியது. குமிழைத் திருகிப் பூஜ்யம் வைத்து, ஒரு விழுக்காடு துல்லியமுள்ள 20 ஓமை வைத்தேன். நட்டநடு. 10 ஓம், 100 ஓம் இரண்டும் தத்தம் கோட்டில் நின்றன.

அண்ணன் அப்போதே மீட்டரைப் பிடுங்கிக்கொண்டுபோய், தூக்கிவந்திருந்த பம்பு மோட்டாரில் வைத்தார். மூன்று வைண்டிங்கிலும் முள் பூஜ்யத்துக்குச் சற்று இடப்பக்கம், 2க்கு அருகில் நின்றது. “உயிர் இருக்கிறது” என்றார்.

இருக்கிறது. ஆனால் ஆரோக்கியமாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஒரு வைண்டிங்கில் சில சுற்றுகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் தடை நாலைந்து விழுக்காடு மட்டும் குறையும். முள் மீட்டரில் அது தெரியாது. அளவுகோலின் நீளத்தில் ஒரு விழுக்காடு தவறாகப் படித்தால் என்ன பிழை வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவில், அதாவது 20 ஓமில், அது நான்கு விழுக்காடு பிழை. 2 ஓமிலும் 200 ஓமிலும் பன்னிரண்டு விழுக்காடு. 1 ஓமில் இருபத்திரண்டு. ஓம் அளவுகோலில் நடுப்பகுதிதான் நம்பத்தக்கது. கோடிகளில் முள் நிற்கும்போது ‘இருக்கிறது, இல்லை’ என்பதற்கு மேல் எதையும் கேட்கக் கூடாது.

டிஜிட்டல் மல்டிமீட்டரை எடுத்தேன். அண்ணனுக்கு அதன்மேல் நம்பிக்கை கிடையாது, “எண் ஓடிக்கொண்டே இருக்கிறது” என்பார். அது தடை அளக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். மலிவான மீட்டர்களில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஐசிஎல்7106 சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்குள் இருக்கும் தெரிந்த ரெசிஸ்டரும் நாம் வைக்கும் தெரியாத பொருளும் தொடராக இணைந்து, இரண்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் போகிறது. பொருளின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தைக் கொண்டு சில்லு ஒரு மின்தேக்கியை 1,000 துடிப்பு நேரம் நிரப்புகிறது. பிறகு தெரிந்த ரெசிஸ்டரின் மின்னழுத்தத்தைக் கொண்டு அதைக் காலிசெய்து, காலியாவதற்கு எத்தனை துடிப்பு ஆயிற்று என்று எண்ணுகிறது. அந்த எண்ணிக்கைதான் திரையில் தெரிவது. 200 ஓம் நிலையில் உள்ளே இருப்பது 100 ஓம். வெளியேயும் 100 ஓம் என்றால் 1,000 துடிப்பு, புள்ளி வைத்து 100.0. பேட்டரி தளர்ந்து மின்னோட்டம் குறைந்தால் இரண்டு மின்னழுத்தமும் ஒரே விகிதத்தில் குறையும், எண் மாறாது. பூஜ்யக் குமிழ் டிஜிட்டலில் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

பேட்டரியின் தள்ளாட்டம் தொல்லை தருவது இன்று நேற்றல்ல. ஓம் என்று யார் பெயரால் இந்த அலகை அழைக்கிறோமோ அந்த கியோர்க் ஓமும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார். அவருடைய முதல் சோதனைகளில் ரசாயன மின்கலங்கள் நிலையாக நிற்காமல் அளவுகளைக் குழப்பின. பிறகு பொகென்டார்ஃப் என்ற இயற்பியலாளர் சொன்ன யோசனைப்படி, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிணைக்கு, அதாவது இரு சந்திகளின் வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து மின்னழுத்தம் தரும் அமைப்புக்கு, மாறினார். ஒரு சந்தி கொதிநீரில், இன்னொன்று பனிக்கட்டியில். வெப்பநிலை இரண்டும் அசையாதவை, ஆகவே மின்னழுத்தமும் அசையாது. 1826இல் அவருக்கு விதி பிடிபட்டது அப்படித்தான். பேட்டரியை நம்பாமலே அளக்க இன்னொரு வழி, தெரிந்த தடைகளோடு சமன் பார்த்து கால்வனோமீட்டரைப் பூஜ்யத்தில் நிறுத்தும் பாலம். சாமுவேல் கிறிஸ்டி 1833இல் கண்டுபிடித்தார், வீட்ஸ்டன் 1843இல் அதைப் பரப்பினார், பெயர் பின்னவருக்குப் போய்விட்டது.

சரி, மோட்டாருக்கு வருவோம். டிஜிட்டலில் 2.0, 2.1, 2.0 என்று வந்தது. பிரோப்களைத் தொட்டால் 0.2. கழித்தால் 1.8, 1.9, 1.8. கடைசி இலக்கமே பத்தில் ஒன்று என்பதால் இதில் ஐந்து விழுக்காட்டு வேறுபாட்டைத் தேடுவது வீண். பிரோப்பைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஓர் இலக்கம் மாறுகிறது. நாம் வைண்டிங்கோடு நம் ஒயரையும் கை அழுத்தத்தையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தோம்.

இதற்கு மருந்து நான்கு கம்பி முறை, கெல்வின் இணைப்பு என்பார்கள். மின்னோட்டத்தை அனுப்ப ஒரு ஜோடி, மின்னழுத்தத்தைப் பார்க்க இன்னொரு ஜோடி. வோல்ட் மீட்டரின் உள்ளீட்டுத் தடை 10 மெகா ஓம் என்பதால் அந்த ஜோடியில் ஓடும் மின்னோட்டம் நானோ ஆம்பியர் கணக்குத்தான். அந்த ஒயரின் தடை என்னவாக இருந்தாலும் அதில் சொல்லும்படியாக வோல்ட் விழாது. மின்னோட்ட ஜோடியில் விழுவதை வோல்ட் மீட்டர் பார்ப்பதே இல்லை.

இதற்காகவே அரைமணி நேரத்தில் ஒரு மின்னோட்ட மூலம் செய்தேன். எல்எம்317 சில்லு, தன் வெளியீட்டு முனைக்கும் சரிசெய்யும் முனைக்கும் இடையில் 1.25 வோல்ட்டை விடாப்பிடியாக நிறுத்தும். அங்கே ஒரு ரெசிஸ்டரை வைத்தால் அதன் வழியே போகும் மின்னோட்டம் நிலையானது. என் சில்லில் அளந்தபோது 1.24 வோல்ட் இருந்தது. 100 மில்லி ஆம்பியருக்கு 12.4 ஓம் வேண்டும். 10 ஓம், 2.7 ஓம் இரண்டையும் தொடராக வைத்து, அவற்றுக்குக் குறுக்கே 510 ஓம் போட்டேன். மில்லி ஆம்பியர் நிலையில் 100.1 காட்டியது. நான்கு செல், ஒரு சுவிட்ச், இரண்டு முதலைக் கிளிப். அவ்வளவுதான். 100 மில்லி ஆம்பியரில் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் 10 மில்லி ஓம். 200 மில்லி வோல்ட் நிலையில் கடைசி இலக்கம் 0.1 மில்லி வோல்ட், அதாவது ஒரு மில்லி ஓம். இதே மீட்டர் ஓம் நிலையில் காட்டியதைவிட நூறு மடங்கு நுணுக்கம்.

முதல் அளவு 191.2 மில்லி வோல்ட், அதாவது 1.91 ஓம். டிஜிட்டலில் கழித்து வந்ததைவிட அதிகம். நுணுக்கமான கருவி தவறு காட்டினால் பொதுவாகத் தவறு கையில்தான். வோல்ட் பிரோப்பைச் சோம்பேறித்தனமாக முதலைக் கிளிப்பின் முதுகிலேயே தொட்டுக்கொண்டிருந்தேன். துருவேறிய கிளிப் பற்களுக்கும் முனைக்கும் இடையிலான தொடுதடையும் கணக்கில் வந்துவிட்டது. வோல்ட் பிரோப்களைக் கிளிப்புகளுக்கு உட்புறமாக, வைண்டிங் முனையின் செம்பிலேயே வைத்ததும் 184.1க்கு இறங்கியது. நான்கு கம்பியின் உயிரே இந்த ‘உட்புறம்’தான். அதைவிட்டால் கம்பி நான்கு இருந்தும் முறை இரண்டு கம்பிதான்.

மூன்று வைண்டிங்கும் 184.1, 184.3, 183.9. வேறுபாடு அரை விழுக்காடுகூட இல்லை. மோட்டார் சுத்தம். முதல் மோட்டாரை நினைத்து அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார்.

எண் உடனே நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வைண்டிங் ஒரு காந்தச் சுருள், மின்னோட்டம் அதில் ஏறி நிலைகொள்ள நேரம் எடுக்கும். ஓடுகிற எண் நிற்கும்வரை காத்திருக்கவேண்டும். கழற்றும்போது நான் காத்திருக்கவில்லை. சுவிட்சை அணைக்காமல் கிளிப்பைப் பிடுங்கினேன், விரலில் சுளீர் என்று அறைந்தது. 6 வோல்ட் பேட்டரிதானே என்ற இளக்காரம் எனக்கு. சுருளில் ஓடும் மின்னோட்டத்தை அறுத்தால் அது எவ்வளவு வோல்ட்டையும் எழுப்பிக்கொண்டு ஓடப் பார்க்கும். அதன் பிறகு வெளியீட்டின் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றைத் தலைகீழாகப் போட்டேன். வோல்ட் பிரோப்பை முதலில் எடுத்து, சுவிட்சை அணைத்து, கடைசியாகக் கிளிப்பை எடுப்பது என்று வரிசையும் வைத்துக்கொண்டேன்.

மதியம் மீண்டும் அளந்தால் அதே வைண்டிங் 1.87 காட்டியது. அண்ணன் திகைத்துப்போனார். செம்பின் தடை ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறக்குறைய 0.39 விழுக்காடு ஏறும். நான்கு டிகிரி கூடினால் 1.84 என்பது 1.87. மில்லி ஓம் தெரிகிற அளவுக்குப் போய்விட்டால் மீட்டர் வெப்பமானி வேலையையும் சேர்த்துப் பார்க்கும். ஆகவே மூன்று வைண்டிங்கையும் அடுத்தடுத்து அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடவேண்டும், காலை அளவை மாலை அளவோடு ஒப்பிடக் கூடாது.

மிச்சம் இருந்தது, வைண்டிங்குக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையிலான காப்பு. 3 வோல்ட் மீட்டர் அங்கே முடிவிலி என்றுதான் சொல்லும், 500 வோல்ட்டில் உடைந்துபோகும் காப்புக்கும் அதையேதான் சொல்லும். அண்ணனிடம் கையால் சுழற்றும் பழைய மெக்கர் இருந்தது, உயர் வோல்ட்டைக் கொடுத்துக் காப்பின் தடையை அளக்கும் கருவி. அதைச் சும்மா மேசையில் வைத்தால் முள் எங்கே வேண்டுமானாலும் நிற்கும், சாய்த்தால் மெதுவாக நகரும். கெட்டுப்போனது போலத் தோன்றும், ஆனால் அமைப்பே அப்படித்தான். முள்ளைத் திருப்பி இழுக்கும் வில் சுருள் உள்ளே இல்லை. ஒரே அச்சில் கோணம் வைத்துப் பொருத்திய இரண்டு சுருள்கள், ஒன்று ஜெனரேட்டரின் வோல்ட்டுக்கும் மற்றது காப்பின் வழியே கசியும் மின்னோட்டத்துக்கும் ஏற்ப எதிரெதிராக இழுக்கின்றன. இழுபறி சமமாகும் இடத்தில் முள் நிற்கும். வேகமாகச் சுழற்றினால் இரண்டும் சேர்ந்து கூடும், அளவு மாறாது. டிஜிட்டல் சில்லு எண்ணிக்கையில் செய்யும் அதே விகித வேலையை இரண்டு செம்புச் சுருள்கள் நூறு ஆண்டுக்கும் மேலாகச் செய்துவருகின்றன. சுழற்றினோம், 80 மெகா ஓம். மோட்டாரை மூடினோம்.

மீட்டரைக் கொடுக்கும்போது இரண்டு விஷயங்கள் சொல்லியனுப்பினேன். ஒன்று, முள் மீட்டரின் ஓம் நிலையில் கறுப்பு பிரோப்தான் பாசிட்டிவ், டிஜிட்டலில் சிவப்பு. டயோடு பார்க்கும்போது குழம்பவேண்டாம். இரண்டாவது, மூடியின் உட்புறம் ஒரு 20 ஓம் ரெசிஸ்டரை நாடாவால் ஒட்டியிருக்கிறேன். பிரோப்களைத் தொட்டுப் பூஜ்யம் பார்த்த பிறகு இதையும் ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கவேண்டும். பக்கத்தில் இரண்டு 0.5 ஆம்பியர் ஃபியூஸ்களும் ஒட்டியிருந்தேன். அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சில மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, பூஜ்யம் சரியாக வருகிறது. ஆனால் நீ ஒட்டிய 20 ஓம் 18 என்று காட்டுகிறது. மறுபடியும் எரிந்துவிட்டதா?”

எரிந்திருந்தால் பூஜ்யம் காட்டியிருக்கும். 18 என்றால் உள்தடை 20இலிருந்து 22க்கு ஏறியிருக்கிறது. பூஜ்யக் குமிழ் வோல்ட் குறைவை ஈடுகட்டும், செல்லுக்குள் ஏறிய இரண்டு ஓமை ஈடுகட்டாது.

“பிரோப்பைத் தொட்டபடியே கொஞ்ச நேரம் பிடித்துப் பாருங்கள் அண்ணா. முள் பூஜ்யத்திலிருந்து நழுவுகிறதா?”

சற்று நேரம் சத்தமில்லை. “நழுவுகிறது.”

“செல்லை மாற்றுங்கள்.”

பத்து நிமிடத்தில் மறுபடி மணி அடித்தது. “நடுவுக்கு வந்துவிட்டது” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.